கட்டுக்கரைக்குக் கீழே ஒரு நாடு



மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ஏ-14 வீதியில் வெளியூர்க்காரர் மூன்று கூட்டமாகப் பயணம் செய்கிறார்கள். ஒரு கூட்டம் மடுச் சந்தியில் திரும்பி மாதாவிடம் போய்விடும். இன்னொரு கூட்டம் திருக்கேதீச்சரத்தில் பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்துக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பும். மூன்றாவது கூட்டம் மன்னார்த் தீவுக்குள் நுழைந்து, 1560இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையையும் பள்ளிமுனைப் பெருக்குமரத்தையும் பார்த்து, தலைமன்னார் இறங்குதுறையில் நின்று இராமேசுவரம் எந்தப் பக்கம் என்று கைநீட்டிப் படம் எடுத்துக்கொள்ளும். பின்னிரண்டு கூட்டத்தாரும் முருங்கனைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டுகிறார்கள், அவ்வளவுதான். சந்தியில் ஒரு பிளேன்ரீ, ஒரு சோடா, வண்டி கிளம்பிவிடும். பக்கத்திலேயே இலங்கையின் பெருங்குளங்களில் ஒன்று கிடப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஊரார் அதைக் கட்டுக்கரைக்குளம் என்பார்கள். சிங்களத்தில் யோத வெவ. ஆங்கிலேயர் இராட்சதக் குளம் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். இன்றைய பேச்சு அந்தக் குளத்தையும் அதன் தண்ணீர் போய்ச்சேரும் ஊர்களையும் பற்றியது. மன்னார்ப் பெருநிலப்பரப்பைப் பார்க்க வருகிறவர் கோயிலிலிருந்து கோயிலுக்கும் கோட்டையிலிருந்து கோட்டைக்கும் தாவாமல், தண்ணீர் போகும் வழியே போகவேண்டும் என்பதுதான் இங்கே முன்வைக்கப்படும் ஒரே கட்சி. தண்ணீரின் வழியில் போனால் கோயிலும் கோட்டையும் தாமாகவே வந்து சேரும்.

ஏரிக்கரை நாடு என்றதும் படித்தவர்களுக்கு இங்கிலாந்தின் வடமேற்கு மூலை நினைவுக்கு வரும். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் அந்த வட்டாரத்துக்கு வழிகாட்டி நூலே எழுதினார். பிறகு 1844இல் அங்கே ரயில்பாதை போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கூட்டம் வந்து இடத்தைக் கெடுத்துவிடும் என்று எதிர்த்துப் பேசினார். அந்த ஏரிகள் பனிப்பாறை அரித்த பள்ளங்கள். இலங்கையின் உலர்வலயத்தில் அப்படி இயற்கை குடைந்து தந்த பெருங்குளம் கிடையாது. கண்ணில் படுகிற ஒவ்வொரு பெருங்குளத்துக்கும் ஒரு கட்டு உண்டு. அந்தக் கட்டுக்கு மண் சுமந்த கூட்டம் ஒன்று உண்டு. ஆகவே இங்கே குளம் பார்ப்பது என்பது ஒரு வேலையைப் பார்ப்பது. ரயிலும் இங்கே எதிர்ப்பில்லாமல் வந்தது. 1914இல் மதவாச்சி–தலைமன்னார்ப் பாதை திறந்தபோது முருங்கனுக்கும் ஒரு நிலையம் கிடைத்தது.

முதலில் ஆறு. ரிட்டிகல, இனாமலுவைப் பக்கத்துக் குன்றுகளில் புறப்பட்டு, அநுராதபுரத்தைத் தொட்டுக்கொண்டு, 164 கிலோமீற்றர் ஓடி அரிப்புக்கு அருகே கடலில் விழுகிறது. மேலே மல்வத்து ஓயா, கீழே அருவியாறு. நீளத்தில் மகாவலிக்கு அடுத்தது. கோடையில் பார்த்தால் இதையா ஆறு என்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். மணலும் மருத மரங்களும் நடுவே ஒரு நீர்க்கோடும்தான் இருக்கும். மாரியில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் கரையில் நிற்க முடியாது.

இந்த ஆற்றை வழிகாட்டியாக்கிக்கொண்டு நடந்த பயணிகளில் பேர்போனவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைவாசியாகவே மலைநாட்டில் வாழ்ந்தவர். 1679இல் ஸ்டீவன் ரட்லண்ட் என்ற தோழரோடு தப்பி, அநுராதபுரத்தைக் கடந்து, இந்த ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டே காடு வழியாக நடந்தார். அக்டோபர் மாதத்தில் அரிப்பில் ஒல்லாந்தரின் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். யானைக்கும் கரடிக்கும் பயந்து ஓடிய மனிதர், வழியில் ஆற்றோரமாகக் கிடந்த செதுக்கிய கருங்கற்களையும் தூண்களையும் கவனிக்கத் தவறவில்லை. 1681இல் லண்டனில் அச்சான அவருடைய நூலில் அதற்கும் இடம் கொடுத்திருக்கிறார். உயிருக்கு ஓடுகிறவன் கண்ணிலேயே பட்டது, ஏசி வண்டியில் போகிறவர் கண்ணில் படவில்லை என்றால் யாரை நோவது?

அருவியாற்றைக் குறுக்கே கல்லால் மறித்த இடத்துக்குத் தேக்கம் என்று பேர். அங்கே உயரும் ஆற்றுநீர் ஒரு நீண்ட வாய்க்காலுக்குள் திருப்பப்பட்டு, நிலத்தின் சரிவோடு மெல்ல இறங்கிக் கட்டுக்கரைக்குளத்துக்குப் போகிறது. குளத்துக்குச் சொந்த நீரேந்து நிலமும் உண்டு. ஆனால் அந்த மழையை மட்டும் நம்பினால் இத்தனை பெரிய வயிறு நிரம்பாது. ஆழம் குறைவு, பரப்பு மிக அதிகம். கட்டு மைல்கணக்கில் வளைந்து போகும். தாதுசேனன் என்ற 5ஆம் நூற்றாண்டு அநுராதபுர அரசன் கட்டியதாகச் சூளவம்சம் சொல்லும் மானாமத்தக் குளம் இதுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பின்னால் வந்த அரசன் பராக்கிரமபாகுவின் பேரையும் இதோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு.

இடைக்காலத்தில் குளம் உடைந்தது. தூர்ந்தது. காடு ஏறியது. ஒல்லாந்தர் காலத்திலேயே இதைத் திருத்தினால் என்ன என்ற பேச்சு எழுந்து ஓய்ந்தது. பிறகு 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் எமர்சன் ரெனன்ட் வந்தார். 1859இல் வெளியான அவருடைய இரு பாக நூல் இன்றும் வாசிக்கச் சுவையானது. அதிலே அவர் இந்தக் குளத்துக்கு ஒரு தீர்ப்பு எழுதிவைத்தார். பழையவர்கள் மட்டம் பார்ப்பதில் பிழை விட்டார்கள், வாய்க்கால் வழியே தண்ணீர் குளத்துக்கு ஏறாது, இவ்வளவு உழைப்பும் வீண் என்பது அவர் சொன்னதன் சாரம்.

பல ஆண்டுகள் இந்தத் தீர்ப்பு நின்றது. படித்த பெரிய அதிகாரி அச்சில் சொன்னதை யார் மறுப்பது? நீர்ப்பாசன அதிகாரியாக இருந்த ஹென்றி பார்க்கர் போன்றவர்கள் கருவிகளோடு காட்டுக்குள் இறங்கி மட்டம் பிடித்துப் பார்த்தபோதுதான் கதை மாறியது. வாய்க்காலின் சரிவு சரியாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் குளம் திருத்தப்பட்டு, பழைய தேக்கத்திலிருந்து பழைய தடத்திலேயே தண்ணீர் வந்து சேர்ந்தது. பார்க்கர் 1909இல் பண்டைய இலங்கை பற்றி எழுதிய நூல் இந்தத் துறையில் இன்றும் புரட்டப்படுகிறது. ரெனன்டின் பிழையைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. அவர் போன காலத்தில் அது காடு. ஆனால் குளக்கட்டில் ஏறி நிற்கிற பயணி ஒருவருக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு வாய்க்காலைக் காட்டினால், அதுவரை வெறும் தண்ணீராகத் தெரிந்தது வேறுவிதமாகத் தெரியும். நிலம் இங்கே தட்டை. ஒரு மைலுக்குச் சில அடிகள்தான் இறக்கம். அந்தச் சில அடிகளைக் கண்ணும் கயிறும் கொண்டு கணக்குப் போட்டவர் யாரென்று எந்தக் கல்வெட்டிலும் பேர் இல்லை.

கட்டுக்கரையின் உண்மையான விசேஷம் அதன் அளவில் இல்லை, அது பங்குபோடும் முறையில் இருக்கிறது. பெருங்குளத்தின் துருசு திறந்தால் தண்ணீர் நேரே வயலுக்குப் பாய்ந்துவிடாது. வாய்க்கால்கள் வழியே முதலில் ஊர்க்குளங்களுக்குப் போகும். அப்படி நூற்றைம்பதுக்கு மேற்பட்ட சிறு குளங்கள் இதன் கீழே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டு, ஒரு துருசு, மிகைநீர் வழிய ஒரு வான், கட்டில் ஓர் ஐயனாரோ அந்தோனியாரோ. இப்படி இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் விளைகிறது. முருங்கனிலிருந்து நானாட்டான், உயிலங்குளம், அடம்பன் என்று எந்தப் பக்கம் சைக்கிளில் போனாலும் ஒரு குளத்தைக் கடந்து மறு குளத்துக்கு வருவது இதனால்தான். கற்கிடந்தகுளம், பரிகாரிகண்டல், சிறுக்கண்டல், இசைமாலைத்தாழ்வு, வாழ்க்கைப்பெற்றான்கண்டல், செட்டியார்மகன் கட்டையடம்பன். பஸ் நடத்துநர் ஒரே மூச்சில் இந்த ஊர்ப்பெயர்களைச் சொல்லி இறக்கிவிடுவதைக் கேட்பதற்காகவே அந்த வழித்தடத்தில் ஒருமுறை போகலாம்.

மாரி பெய்து காலபோகம் விதைத்தால் எல்லோருக்கும் வயல் உண்டு. சிக்கல் சிறுபோகத்தில். தை, மாசிக்குப் பிறகு குளத்தில் எத்தனை அடி தண்ணீர் மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்து அந்தக் கோடையில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் போட்டு முடிவுசெய்கிறார்கள். அரசாங்க அதிபர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல அதிகாரிகள், கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் எல்லோரும் உட்காருவார்கள். எந்த வாய்க்காலின் கீழ், எந்தத் திகதியில் முதல் தண்ணீர், எந்தத் திகதியில் கடைசித் தண்ணீர், மாடுகளை எப்போது வயலை விட்டு அகற்றுவது எல்லாம் அங்கே தீரவேண்டும். மாட்டுக்காரர் மேய்ச்சல் தரை கேட்பார். கமக்காரர் பயிரைக் காக்கக் கேட்பார். பெருங்குளத்தைப் பார்க்க வந்த பயணிக்கு இந்தக் கூட்டத்தின் கடைசி வாங்கில் ஓரமாக உட்கார இடம் கிடைத்தால் விடவேண்டாம். எந்த அருங்காட்சியகத்திலும் காணக் கிடைக்காத காட்சி அது.

முருங்கன் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மண்ணியலார் இலங்கை மண்வகைகளைப் பிரித்தபோது முருங்கனின் கறுத்த களிமண்ணைத் தனியே எடுத்து வைத்தார்கள். மழையில் ஊதும், செருப்பைப் பிடுங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கும். தண்ணீரைப் பிடித்துவைப்பதால் நெல்லுக்கு வாய்ப்பு. வீடு கட்ட அத்திவாரம் போடுகிறவருக்குத் தலைவலி. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை ஓடிய காலத்தில் சுண்ணக்கல் யாழ்ப்பாணத்தில் கிடைத்தது, களிமண் முருங்கனிலிருந்து போனது. 1990க்கு முன்னர் வடக்கில் கட்டிய எத்தனையோ வீடுகளில் இந்த ஊர் மண் இருக்கிறது என்று முருங்கன்காரர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வளவு நெல் யாருக்கு? ஊர்ச் சனத்துக்கு மட்டும் என்றால் இத்தனை பெரிய வேலை தேவைப்பட்டிராது. விடை மேற்கே, திருக்கேதீச்சரத்தைச் சுற்றிய மேட்டில் புதைந்து கிடக்கிறது. மாதோட்டம் அல்லது மாந்தை என்ற துறைமுகம் அது. 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் அங்கே அகழ்ந்தபோது சீனத்துப் பீங்கானும் பாரசீகப் பக்கத்து மண்கலமும் ஒரே குழியில் கிடைத்தன. 2009, 2010இல் நடந்த அகழ்வில் கரிந்த தானியங்களைத் தண்ணீரில் அலசி எடுத்தார்கள். நெல், மிளகு, கோதுமை. அவற்றோடு ஒரு கிராம்பு. கிழக்கே மலுக்குத் தீவுகளில் மட்டும் விளைந்த அந்தக் கிராம்பு கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது என்று கணித்தார்கள். மாலுமிகளும் வணிகரும் காற்று மாறும்வரை மாதக்கணக்கில் தங்கிய துறை அது. அவர்களுக்குச் சோறு போடப் பின்னால் ஒரு வயல்நாடு வேண்டாமா? கட்டுக்கரையையும் மாதோட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டிய காரணம் இது. குளத்தருகே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் 2016, 2017 காலத்தில் நடந்த அகழ்வு, பெருங்குளம் எழுவதற்கு முன்பே அங்கே மக்கள் குடியிருந்ததைச் சுடுமண் உருவங்களோடு காட்டியது.

திருக்கேதீச்சரத்தில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலைத் திரும்ப எழுப்பவேண்டும் என்று ஆறுமுக நாவலர் 1872இல் குரல் கொடுத்தார். கருங்கல்லில் புதிதாக எழுந்த இன்றைய ஆலயத்துக்கு 2022 ஜூலையில் குடமுழுக்கு நடந்தது. பார்க்கவேண்டிய நாள் சிவராத்திரி. சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய தலம் இது. சிவராத்திரியன்று அடியார்கள் பாலாவித் தீர்த்தத்தைத் தாங்களே குடத்தில் மொண்டு, வரிசையில் நடந்து, வெளியே இருக்கும் மகாலிங்கத்துக்குத் தங்கள் கையால் ஊற்றுவார்கள். குருக்களின் கைக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. தண்ணீர் வழியே பயணம் செய்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான கோயில் எது?

மடு மாதாவின் வரலாறும் இதே மாந்தையில் தொடங்குகிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நெருக்கிய காலத்தில், 1670இல் மாந்தையிலிருந்த திருச்சுரூபத்தை மக்கள் காட்டுக்குள் மடுவுக்குக் கொண்டுபோனார்கள். ஆவணி மாதப் பெருநாளுக்குச் சிங்களவரும் தமிழரும் இலட்சக்கணக்கில் கூடுவதை எல்லோரும் அறிவார்கள். அதைப் பற்றி இங்கே விரிக்கவேண்டியதில்லை.

அதைவிட வெளியாருக்குத் தெரியாதது இந்த ஊர்களின் கூத்து. குளங்களுக்குக் கீழே உள்ள கத்தோலிக்கக் கிராமங்களில் அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும் காலத்தில் புனிதர் சரிதைகளை விடிய விடிய ஆடும் மரபு இருந்தது, இன்னும் முற்றாக அறவில்லை. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு வகை மெட்டும் ஆட்டமும் உண்டு. வாசாப்பு என்பது இன்னொரு நாடக வகை. முருங்கனில் முத்தமிழ்க் கலாமன்றத்தை வைத்து நடத்திய ‘குழந்தை’ செபமாலை இந்த நீண்ட கூத்துகளை மேடைக்கேற்றபடி சுருக்கி ஆடவைத்தவர். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஏடு வைத்திருக்கும் வீடு எது என்று கேட்டால், ஊரில் பெரியவர்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

போரைச் சொல்லாமல் இந்த நிலத்தைக் காட்டுவது நேர்மையாகாது. 1990இல் ரயில் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் முசலி, எருக்கலம்பிட்டி முதலிய இடங்களின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். பல குடும்பங்கள் புத்தளத்தில் ஒரு தலைமுறையைக் கழித்தன. 2007, 2008இல் கட்டுக்கரைக்குக் கீழான வயல்வெளியே போர்முனையானது. அடம்பன் பகுதித் தமிழ்ச் சனம் இடம்பெயர்ந்து வன்னிக்குள் போய் முள்ளிவாய்க்கால்வரை நடந்தது. திரும்பி வந்தபோது வயலில் கண்ணிவெடி. வெடி அகற்றிய பிறகுதான் ஏர் இறங்கியது. 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில் குழாய்நீருக்கு மண் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ரயில் 2015 மார்ச்சில்தான் மறுபடி தலைமன்னாரைத் தொட்டது. இந்தியப் பிரதமர் நரேந்திர மோதி கொடியசைத்தார். இன்று வரம்பில் நின்று மொட்டைக்கறுப்பன் நெல்லைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசுகிறவருக்கும் இதில் ஏதோ ஒரு பங்கு இருக்கும். பயணி கேட்டுத் துருவவேண்டாம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

குளத்துக்கு மாரி முடிவில், தை மாசியில் போவது நல்லது. நீர் கட்டின் வயிறு வரை நிற்கும். தாமரை இலைமேல் இலைக்கோழி நடக்கும். நீர்க்காகங்கள் பட்ட மரங்களில் சிறகு விரித்து உலர்த்தும். சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூட்டமாக இறங்கும். கட்டுக்கரை 1954 முதல் சரணாலயம். தண்ணீர் கடலைத் தொடும் பக்கத்தில் வங்காலைச் சரணாலயம் 4,839 ஹெக்டேர். 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வீதியோரத்திலிருந்தே பூநாரைக் கூட்டத்தைப் பார்க்கலாம் என்பதால் அங்கே கமராக்காரர் கூட்டம் அதிகம். மன்னாரில் கருவி பொருத்திவிட்ட கடற்காகங்கள் ருஷ்யாவின் வட கோடியிலுள்ள யமால் குடாநாடு வரை பறந்ததைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். இந்தப் பறவைப் பாதையில்தான் 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் எழுந்தன. மேலும் எழுப்பும் திட்டங்களுக்கு எதிராக மன்னார் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அங்கே காற்றாலை அமைக்கவிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் தன் திட்டத்திலிருந்து விலகியது. மின்சாரமும் வேண்டும், பறவையும் வேண்டும், தீவில் வெள்ளம் வடியும் வழியும் அடைபடக்கூடாது. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

கடைசி இடம் அரிப்பு. நானாட்டான் வழியாகத் தெற்கே இறங்கினால் அருவியாறு கடலோடு சேரும் ஊர். முத்துக்குளிப்பைக் கண்காணிக்கத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை, கடலரித்த செம்மண் மேட்டின் விளிம்பில் துண்டு துண்டாக நிற்கிறது. ஊரார் அதற்கு அல்லிராணிக் கோட்டை என்று பேர் வைத்துவிட்டார்கள். நோர்த் பாவம், கதைகளில் வரும் அல்லிராணியோடு போட்டி போட முடியவில்லை. ஒவ்வொரு மாரியிலும் கடல் இன்னும் கொஞ்சம் தின்கிறது. பார்க்க நினைப்பவர் தள்ளிப்போடக் கூடாது.

கொழும்பு கோட்டையிலிருந்து தலைமன்னார் ரயிலில் ஏறினால் முருங்கனில் இறங்கலாம். அங்கிருந்து குளக்கட்டுக்கு முச்சக்கரவண்டி போதும். தேக்கம் வரை போக ஊர்க்காரர் ஒருவரும் தண்ணீர்ப் போத்தலும் கூட வேண்டும். யானை நடமாட்டம் உள்ள பக்கம். மாலை ஐந்து மணிக்குள் திரும்பிவிடவேண்டும். மாவட்டச் சுற்றுலாவுக்குப் பொறுப்பானவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக விடுதியோ பூங்காவோ கேட்கவில்லை. தேக்கத்திலிருந்து வாய்க்கால், குளம், ஊர்க்குளங்கள், வயல், வங்காலைக் கடல் என்று தண்ணீர் போகும் வழியைக் காட்டும் ஒரு வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, முருங்கன் ரயில் நிலையத்திலும் பஸ் தரிப்பிடத்திலும் மாட்டுங்கள். அடுத்த சிறுபோகக் கூட்டத்தின் திகதியையும் கீழே ஒரு மூலையில் சோக்கால் எழுதிவிட்டால் இன்னும் நல்லது.